மனம் விட்டுப் பேச எட்டு வாரம்

ரயிலில் சென்ட்ரலுக்கு வருகிறவர்களுக்கு பேசின் பிரிட்ஜைத் தெரியாமல் இருக்காது. மூட்டை முடிச்சுகளை இறக்கி வைத்துக்கொண்டு, "எப்போது ஸிக்னல் விழும்?" என்று எட்டிப் பார்க்கும் இடம் அல்லவா! அங்கே ஏதோ ஒரு வீட்டில், எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் ஒரு சகோதரி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அவளோ, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயந்து, மின்சார ரயில் ஏறித் தாம்பரம் சானடோரியத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறாள்.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அப்போது கைவசம் மருந்து இல்லை. 2004 ஏப்ரலிலிருந்து சர்க்கார் இலவசமாகவே மருந்து கொடுக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆயுசுக்குக் குறைவில்லை. ஆனால், மனம் சோர்ந்து கிடக்கிறவளுக்கு மாத்திரை டப்பாவைத் திறக்கவே கை வராதே!

இதற்கு வழி கண்டவர் உகாண்டா நாட்டு மனநல மருத்துவர், டாக்டர் எதெல்ட்ரெடா நகிமுலி-ம்புங்கு என்ற பெண்மணி. பெண்கள் தனி, ஆண்கள் தனி என்று சிறு குழுக்கள். வாரம் ஒரு முறையாக எட்டு வாரம். பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்களே நடத்தினார்கள். முதலில், மனச்சோர்வு என்றால் என்ன என்ற விளக்கம். பிறகு அவரவர் துக்கம். அப்புறம் ஊர்ப் பேச்சைத் தாங்கும் வகை. கடைசியில், நாலு காசு சம்பாதிக்க வழி! மனச்சோர்வால் வாடிய 1,140 பேரிடம் இதைச் சோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். குழுவாக உட்கார்ந்து எச்.ஐ.வி. பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில், சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து 160 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. மனம் விட்டுப் பேசிய குழுக்களில்? இரண்டே பேர்!

நம் சென்னையிலும் 1998-லேயே, இக்கிருமியோடு வாழும் பெண்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

நாம் என்ன செய்யலாம் என்கிறீர்களா? உங்களை நம்பி ஒருத்தி, "எனக்கு இப்படி" என்று சொன்னால், அவளுக்குத் தனி தம்ளர் வைக்காதீர்கள். காபியால் இது தொற்றாது. ரகசியமாகச் சொன்னதை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அது 2017-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கே விரோதம். 1097 என்ற இலவச டெலிபோன் எண்ணைக் குறித்துக் கொடுங்கள். ஸ்டான்லிக்குத் தனியே போக அவள் தயங்கினால், துணைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.