பழனிக்கு நடந்தீங்க, சரி. இந்த வாரம் நடந்தீங்களா?

1/ தைப்பூசம் முடிஞ்சதும் காரைக்குடி பக்கம் ஓ.பி.ல அடிக்கடி கேக்குற பதில்: "பழனிக்கே நடந்து போனவன் சார் நான். எனக்கு எதுக்கு வாக்கிங்?" சொல்றவருக்கு சுகரும் இருக்கும், பி.பி.யும் இருக்கும். இந்தப் பதில் தப்பு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ பாதயாத்திரையைக் குறை சொல்ல வரல. நகரத்தார் காவடி குன்றக்குடியில கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனி போறது பல தலைமுறைப் பழக்கம். 150 கி.மீ.க்கு மேல. நடந்து முடிக்கிறவங்களுக்கு ஒரு கும்பிடு. என் சண்டை அந்த ஒரு வாரத்தோட இல்ல, மிச்சமுள்ள 51 வாரத்தோட.

3/ நடக்கும்போது தசைகள் இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கும். நடந்து முடிச்ச பிறகும் இன்சுலின் நல்லா வேலை செய்யும். ஆனா அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள். அதனாலதான் சுகர் உள்ளவங்க தொடர்ந்து 2 நாளுக்கு மேல நடக்காம விடக்கூடாதுன்னு சொல்றோம். தை மாசம் சாப்பிட்ட சாப்பாடு ஆடி மாசப் பசியை ஆத்துமா?

4/ அப்ப எவ்வளவு வேணும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. ஓட்டம் மாதிரி கடுமையானதுன்னா 75 முதல் 150 நிமிடம். கூடவே வாரம் 2 நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. 65 வயசு தாண்டினவங்களுக்கு, கீழே விழாம இருக்க, வாரம் 3 நாள் உடம்பின் சமநிலைக்கான பயிற்சியும் வேணும்.

5/ "மிதமான"ன்னா? நடந்துகிட்டே பேச முடியணும், பாட முடியக்கூடாது. கடைவீதியில நாலு பேரை விசாரிச்சுகிட்டே போறது இதுல சேராது.

6/ இப்ப கணக்கு. மணிக்கு 5 கி.மீ. வேகத்துல 150 நிமிடம் = 12.5 கி.மீ. வருஷத்துக்கு 650 கி.மீ. கிட்டத்தட்ட நாலு தடவை பழனிக்கு நடந்த தூரம்! ஒரு தடவை நடந்துட்டு "முடிச்சுட்டேன்"னா எப்படி?

7/ "ஒரே மூச்சுல அரை மணி நேரம் முடியாது சார்." வேண்டாம். குறைஞ்சது 10 நிமிடம் தொடர்ந்து செய்யணும்ங்கிற பழைய நிபந்தனையை 2020லயே எடுத்துட்டாங்க. காலையில 10, சாயங்காலம் 20னு பிரிச்சுக்கலாம். வலு பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். நாற்காலியில கையை ஊன்றாம உட்கார்ந்து எழுந்திருங்க, சுவர்ல கை வச்சு தண்டால் எடுங்க.

8/ இது ஆண்களுக்கு. 2022ல இந்தியப் பெரியவர்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு போதிய உடலுழைப்பு இல்லைன்னு லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்த ஆய்வு சொல்லுது. ஆண்கள் 42%, பெண்கள் 57%. "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே"ன்னு சொல்லாதீங்க. மூச்சு வாங்குற வேலை கணக்குல வரும். அடுப்பு முன்னாடி மணிக்கணக்கா நிக்கிறது வராது, கால் வலிதான் வரும்.

9/ பழனிக்கு ஒரு வாரம் நடக்க அனுப்புற வீடு, அதே ஆச்சிக்கு தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் தரமாட்டேங்குது. அந்த நேரத்துக்கு காபி யார் போடுவாங்கன்னு கேக்குது. நீங்க போடுங்க. அதுவும் வைத்தியம்தான்.

10/ அரசுக்கும் ஒண்ணு. 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துல மாவட்டத்துக்கு 8 கி.மீ. நடைபாதை 2023ல வந்துச்சு, நல்லது. ஆனா ஜனங்க தினமும் நடக்கப்போறது அவங்க தெருவுல. அங்க விளக்கு எரியணும், நாய்த் தொல்லை குறையணும். மாத்திரைக்கு ஆகிற செலவை விட இது மிச்சம்.

11/ எச்சரிக்கை: நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், மயக்கம் வந்தா நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. பாதம் மரத்துப்போன சுகர்காரங்க வெறுங்காலோட நடக்கவே வேண்டாம். கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பாதயாத்திரைக்கு முன்னாடி காலைக் காட்டிட்டுப் போங்க.

12/ நடக்க ஆரம்பிச்சா மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அதை நாங்க பார்த்துச் சொல்றோம். அடுத்த தடவை ஓ.பி.க்கு வரும்போது பழனிக் கதை வேண்டாம். போன வாரம் எத்தனை நிமிடம் நடந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க.