கதவைப் போட முன்னர் ஒரு தடவை யோசியுங்கள்

சண்டிலிப்பாயில் என் சின்னம்மா வீட்டு விறாந்தையில் இரண்டு கிழமையாக ஒரு கதவு சுவரோடு சாத்திக் கிடக்கிறது. கேட்டது முதிரையில் ஒன்றரை அங்குலத் தடிப்பு. வந்தது ஒன்றேகால். “போட்டாப் பிறகு ஒண்டும் தெரியாது அக்கா” என்று சொல்லிவிட்டு, மிச்சக் காசையும் கேட்டார் பட்டறைக்காரர். கனடாவிலிருந்து மாமா அனுப்பிய காசில் பாதிக்கு மேல் முற்பணமாகப் போய்விட்டது.

கதவு, யன்னல், தாலிக்கொடி, எதுவானாலும் “சொல்லிச் செய்விச்சது, திருப்பி எடுக்கேலாது” என்பதுதான் எங்கள் ஊர்ப் பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இனிமேல் செய்யப்படவுள்ள பொருளையும் உள்ளடக்குகிறது. விபரம் சொல்லி வாங்கினால் பொருள் அந்த விபரத்தோடு ஒத்திருக்க வேண்டும். எழுத்து இல்லையே என்று பயப்படவும் தேவையில்லை. விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தாலே ஒப்பந்தம் செல்லும். இச்சட்டத்துக்கு முன்மாதிரியான 1893ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் கீழ், 1933இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கொன்று இருக்கிறது. பீப்பாய்ப் பலகை அரை அங்குலத் தடிப்பில் கேட்கப்பட்டது. பெரும்பாலானவை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வரை கூடுதலாக வந்தன. பீப்பாய் செய்ய அவை தாராளமாக உதவும். ஆனாலும் வாங்கியவர் நிராகரிக்கலாம் என்றது தீர்ப்பு. சின்னம்மாவின் கதவில் குறைவதோ கால் அங்குலம்.

பொறி வேறிடத்தில் இருக்கிறது. பொருளை “ஏற்றுக்கொண்டால்” நிராகரிக்கும் உரிமை போய்விடும், நட்டஈடு மட்டுமே மிஞ்சும். கதவை நிலையில் பொருத்துவது ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படலாம். நியாயமான காலம் கடந்தும் பேசாமல் வைத்திருப்பதும் அப்படித்தான். பட்டறைக்காரர் “போட்டுப் பாருங்கோ” என்று அவசரப்படுத்தியது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வேண்டாம் என்று அறிவித்தால் போதும். ஏற்றி அனுப்புவது எங்கள் பொறுப்பல்ல. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தால் வைபர் செய்திக்கும் பெறுமதி உண்டு. அன்றிரவே அளவுநாடா வைத்த படத்தோடு அனுப்பினோம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளுக்கு மாற்றீடோ, பணமோ, நட்டஈடோ கொடுக்க அது உத்தரவிடலாம். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும். கோடையில் செய்த கதவு மாரியில்தான் வளைந்து காட்டும். மரச்சாமான் வாங்குபவருக்கு இந்த 3 மாதம் போதவே போதாது. நீதிமன்றத்தில் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம், எழுத்துக்கு 6 வருடம் உண்டு. ஆனால் சிறிய தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, வாதாடவும் அவருக்கு இடமில்லை.

சின்னம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. “கோடு கச்சேரி எண்டால் ஊர் என்ன சொல்லும்” என்றவர், இப்போது முற்பணப் பற்றுச்சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதில் தொகை மட்டும் எழுதியிருக்கிறது. மரத்தின் பெயரும் தடிப்பும் இல்லை.