ரயில் போன வழியில் சைக்கிள் போகட்டும்!



என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் இன்றும் பாலிடெக்னிக் வருகிறேன். "இன்னுமாடா சைக்கிளு?" என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தின் டெர்பிஷையரில் வை என்றொரு ஆறு, சுண்ணாம்புக்கல் மலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. 1863-ல் மிட்லண்ட் ரயில்வே கம்பெனி அந்தப் பள்ளத்தாக்கில் ரயில் விட்டது. ஆறு இஷ்டத்துக்கு வளையும், ரயில் வளையுமா? வளைவு அதிகமானால் வேகம் போச்சு, ஏற்றம் அதிகமானால் எஞ்சின் திணறும். அதனால் மலை மறித்த இடத்தில் குடைந்தார்கள், ஆறு மறித்த இடத்தில் பாலம் கட்டினார்கள். அழகான பள்ளத்தாக்கைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஜான் ரஸ்கின் என்ற எழுத்தாளர் கோபமாக எழுதினார். அங்குள்ள ஹெட்ஸ்டோன் பாலத்தை இன்று சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள்!

1968-ல் ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பின்னர் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா அந்தப் பாதையை ஏற்று, நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் குகைகள் மட்டும், பாதுகாப்பில்லை என்று பூட்டியே கிடந்தன. குகை வாசல் வரை வந்தவர் மேடேறிச் சுற்றித்தான் போகவேண்டும். 2011 மே மாதம்தான், சுமார் 400 மீட்டர் நீளமுள்ள நான்கு குகைகளைச் செப்பனிட்டு, விளக்குப் போட்டுத் திறந்தார்கள். இன்று அதற்கு மான்சல் பாதை என்று பெயர். சுமார் பதின்மூன்றரை கிலோமீட்டர். சைக்கிள், நடை, குதிரை, சக்கர நாற்காலி எல்லாம் போகலாம். லாரி இல்லை, ஹாரன் இல்லை. எஞ்சினுக்காகச் சமன் செய்த பாதை, இன்று தாத்தாவும் பேரனும் மூச்சு வாங்காமல் சைக்கிள் மிதிக்க உதவுகிறது.

"வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு நமக்கெதுக்கு?" என்பீர்கள். எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை.

என் தங்கை எட்டாவது படிக்கிறாள். சைக்கிள் நன்றாக விடுவாள். போன வருஷம் பைபாஸில் ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. முழங்கையில் நாலு தையல். அன்றைக்கே அம்மா சைக்கிளைப் பூட்டிவிட்டது. "படிக்க வேணாம்னு சொல்லல, பஸ்ஸுல போ"ன்னு சொன்னது. பஸ் வராத நாளில் அவளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் மீட்டர்கேஜை அகலப்பாதையாக்கியபோது பாதையை நேராக்கினார்கள். பழைய மண்கரை ஆற்றோரமாக ஒதுங்கிப்போய், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நடுவில் ஒரு சிறுபாலம். அதன் கருங்கல் கட்டடம் இன்னும் அசையவில்லை. அந்தக் கரை எங்கே போய் முடிகிறது தெரியுமா? தங்கையின் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்!

ரயில் திரும்பி வரக்கூடிய இடத்தில் ரயிலே வரட்டும். மான்சலிலும் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. அது நியாயம்தான். ரயில் வரவே போவதில்லை என்ற இடத்தை ஏன் முள்ளுக்குக் கொடுக்கவேண்டும்? புதுசாகக் கட்டுவது மட்டும் எஞ்சினியரிங் இல்லை நண்பர்களே. நம் தாத்தன் பாட்டிகள் மண் சுமந்து போட்ட கரையை வீணாக்காமல் காப்பதும் எஞ்சினியரிங்தான்.

சிவில் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ப்ராஜெக்டுக்கு டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்கு வாருங்கள். அளப்போம், எஸ்டிமேட் போடுவோம், சம்பந்தப்பட்டவர்களிடம் மனு கொடுப்போம். மான்சல் குகைகள் திறக்க 43 வருஷம் ஆனது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. என் தங்கை பத்தாவது முடிக்க இன்னும் இரண்டே வருஷம்தான் இருக்கிறது!

— இரண்டாமாண்டு சிவில் மாணவன்