பங்காளியை விற்றவர்கள்

கல்லூரிப் பையன்கள் பந்து போடுகிறார்கள். அதைப் பற்றி நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் மாதக் கணக்கில் வாதம் செய்கிறார்கள். அமெரிக்காவில் நவம்பர் பிறந்தால் மார்ச் முடிகிற வரையில் இதுதான் கதை. சாப்பாட்டுக் கடையில், சவரக் கடையில், ஆபீஸில், மாதாகோவில் வாசலில் எங்கே பார்த்தாலும் கூடைப்பந்துப் பேச்சுத்தான். அந்த நாட்டு அறிவாளிகளில் பலர் இதைக் கேட்டுவிட்டு ஒரு புன்னகை செய்கிறார்கள். நம் ஊரிலும் அந்தப் புன்னகைக்குப் பஞ்சமில்லை. இந்த விஷயத்தில் எனக்கு உள்ள ஈடுபாட்டைத் தெரிந்துகொண்ட ஓர் இலக்கிய நண்பர், "உமக்கு ஏனய்யா இந்த வம்பு?" என்று கேட்டார்.

வம்புதான். வம்பு பேசுகிறவர்களின் கட்சியில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த ரசிகர்களின் பேச்சில் இருக்கிற நியாயத்தில் கால்வாசிகூட, அவர்கள் கொண்டாடுகிற சர்வகலாசாலைகளை நிர்வகிக்கும் பெரிய மனிதர்களின் அறிக்கைகளில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

விவரம் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே பக்கத்துப் பக்கத்துச் சர்வகலாசாலைகள் சேர்ந்து ஒரு கூட்டு அமைத்துக்கொள்ளும். அதற்குக் 'கான்பரன்ஸ்' என்று பெயர். மகாநாடு என்று மொழிபெயர்த்து மேடையையும் மாலையையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரே வரப்பின் இரண்டு பக்கத்திலும் பங்காளிகள் உழுகிறார்களே, அந்த மாதிரி ஏற்பாடு அது. ஒவ்வொருவனும் மற்ற ஒவ்வொருவனோடும் வருஷத்துக்கு இரண்டு தரம் மோத வேண்டும்; ஒரு தரம் உன் ஊரில், ஒரு தரம் என் ஊரில். ஜனவரியில் என் வாசலுக்கு வந்து என்னை அடித்துவிட்டுப் போனாயா, சரி, பிப்ரவரியில் உன் வாசலுக்கு நான் வருகிறேன். தோற்றவனுக்கு ஒரு தேதி கையில் இருக்கிறது. அந்தத் தேதிதான் அவனைத் தூங்கவும் விடாமல், கத்தியைத் தூக்கவும் விடாமல் வைத்திருக்கிறது.

கத்தி என்று சும்மா சொல்லவில்லை. கான்சாஸ், மிசௌரி என்று இரண்டு ராஜ்யங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 1854-ல் ஒரு சட்டம் வந்தது. கான்சாஸில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது அது. அடிமைகளை வைத்திருந்த மிசௌரியிலிருந்து கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டார்கள். ஓட்டு போதாதபோது துப்பாக்கி பேசிற்று. கான்சாஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் போய் ஊர்களைக் கொளுத்தினார்கள். 1863 ஆகஸ்டு 21-ம் தேதி குவான்ட்ரில் என்பவனின் குதிரைப் படை விடியற்காலையில் லாரன்ஸ் என்ற ஊருக்குள் புகுந்து, சுமார் 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றுவிட்டு, ஊரையும் எரித்துவிட்டுப் போயிற்று. அந்த லாரன்ஸில்தான் கான்சாஸ் சர்வகலாசாலை இருக்கிறது. அதன் ஆட்டக்காரர்களுக்கு 'ஜேஹாக்' என்று பெயர். அடிமை முறையை எதிர்த்த அந்த நாளைய எல்லைப் படைகளின் பெயர் அது. மிசௌரி சர்வகலாசாலை இருக்கிற கொலம்பியா நகரத்தைக் கொள்ளையர்களிடமிருந்து காக்க நின்ற ஊர்க்காவல் கூட்டத்துக்குப் 'புலிகள்' என்று பெயர். மிசௌரி ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் புலிகள்தாம். இரண்டு பெயரிலும் மருந்து வாசனை அடிக்கிறது.

இந்த இருவரும் 1907-ல் ஒரே கான்பரன்ஸில் சேர்ந்தார்கள். அதே வருஷம் முதல் தடவையாகக் கூடைப்பந்தில் மோதினார்கள். அப்போது கான்சாஸுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமோ? 1891-ல் பீச் பழக் கூடைகள் இரண்டை மாட்டி இந்த ஆட்டத்தையே கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். (கான்சாஸின் பயிற்சியாளர்களில், ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகமாக உள்ளவர் அவர் ஒருவரே: 55 வெற்றி, 60 தோல்வி. சாஸ்திரம் எழுதியவனுக்குச் சங்கீதம் வர வேண்டும் என்று என்ன கட்டாயம்?) அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கூட்டின் பெயர் மாறிற்று, உறுப்பினர்கள் வந்தார்கள், போனார்கள், இந்த இரண்டு பங்காளிகள் மட்டும் வருஷந்தோறும் ஒருவன் வீட்டுக்கு ஒருவன் போய்க்கொண்டே இருந்தார்கள். ஊரை எரித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் எரிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திவிட்டு, முழுசாக வீடு திரும்பினார்கள். இதைச் சாதித்தது எந்த உபதேசியுமல்ல. ஓர் ஆட்ட அட்டவணை சாதித்தது.

"துவேஷத்தை வளர்க்கிறார்கள்" என்று புகார் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். லாரன்ஸ் தீப்பற்றி எரிகிற படத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்த மூடர்கள் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அது கேவலம், அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் நிர்வாகிகள் இதற்குச் செய்த வைத்தியம் என்ன? 2004-ல், 'எல்லை யுத்தம்' என்று ஜனங்கள் வழங்கிவந்த பெயரை 'எல்லைப் போட்டி' என்கிற அர்த்தத்தில் மாற்றினார்கள். யுத்தம் என்ற சொல் காதுக்கு இனிமையாக இல்லையாம். பெயரை மாற்றின கை ஏழு வருஷம் கழித்து ஆட்டத்தையே துடைத்துவிட்டது.

2011 நவம்பரில் மிசௌரி, தான் பழைய கூட்டை விட்டுத் தென்கிழக்குக் கான்பரன்ஸில் சேரப்போவதாக அறிவித்தது. காரணம் கூடைப்பந்து அல்ல. அமெரிக்கப் புட்பால் என்று ஒன்று இருக்கிறது. டெலிவிஷன் கம்பெனிகள் கொட்டுகிற பணம் அதற்காகக் கொட்டுகிற பணம். அந்த வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பின்னால் கட்டின கன்றுக்குட்டியும் போக வேண்டியதுதான். கன்றுக்குட்டிக்கும் வாயில்லை, அதைப் பார்த்து ஆனந்தப்படுகிற ஜனங்களுக்கும் ஓட்டு இல்லை.

2012 பிப்ரவரி 25. லாரன்ஸில் ஆலன் கொட்டகை. 16,300 பேர் நெருக்கியடித்து உட்காருகிற இடம். ஒரே கூட்டின் பங்காளிகளாக அவர்கள் அந்தக் கொட்டகையில் சந்தித்த கடைசி நாள் அது. இரண்டாவது பாதியில் மிசௌரி 19 பாயிண்ட் முன்னால் நின்றது. அதையும் கான்சாஸ் எட்டிப் பிடித்தது. முழு நேரம் முடிகிற தறுவாயில் மிசௌரியின் ப்ரெஸ்ஸி போட்ட பந்தைக் கான்சாஸின் தாமஸ் ராபின்ஸன் தட்டிவிட்டார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. 87-க்கு 86 என்று ஒரே ஒரு பாயிண்டில் கான்சாஸ் ஜெயித்தது. நாவலில் இப்படி ஒரு முடிவு எழுதினால் 'செயற்கை' என்று விமர்சகர் எழுதுவார்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? "பிறகு?" என்றார்கள். பிறகு ஒன்றுமில்லை. மிசௌரி தொடர்ந்து ஆடத் தயார் என்றது. கான்சாஸ் மாட்டேன் என்றது. கூட்டை உடைத்தவனோடு எனக்கு என்ன கொடுக்கல் வாங்கல் என்பது கான்சாஸின் நியாயம். ஓடிப்போனவன் மேல் உள்ள கோபத்தில், தன் ஊர் ஜனங்களுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்துப் பூட்டி வைத்துக்கொண்டது அது. அந்த வகையில் இரண்டு தரப்பு நிர்வாகமும் எனக்கு ஒன்றுதான். ஒன்பதே முக்கால் வருஷம் அவர்களுக்குள் கணக்கில் சேருகிற ஓர் ஆட்டம் இல்லை. மூன்று மணி நேரக் கார்ப் பிரயாணத்துக்குள் இருக்கிற இரண்டு ஊர்கள்! நடுவில் கான்சாஸ் நகரம். அங்கே இரு தரப்பு மாணவர்களும் படிப்பு முடித்துக் குடித்தனம் செய்கிறார்கள், ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே வீட்டில். அவர்கள் குளிர்காலம் முழுவதும் எதைப் பேசுவது?

இதே கான்சாஸுக்காக, நெய்ஸ்மித் தம் கையால் திருத்திக் கையெழுத்திட்ட 13 விதிகள் அடங்கிய இரண்டு தாள்களை, அங்கே படித்த ஒரு தனவந்தர் 2010 டிசம்பரில் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். ஆலன் கொட்டகையை ஒட்டிக் கட்டடம் எழுப்பி அதில் வைத்திருக்கிறார்கள். காகிதத்துக்கு இத்தனை மரியாதை. நூறு வருஷத்துச் சண்டைக்கு?

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். பங்காளிச் சண்டைக்குப் பட்டா யார் பேரில்? பாதி உன்னுடையது என்றால் பாதி அவனுடையது. இரண்டு பாதியும் சேர்ந்தால், அப்பன் பிள்ளை பேரனாக மழையிலும் பனியிலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கத்தினவர்களுடையது. ஊர்ப் பொதுக் குளத்தைக் கிரயம் பண்ணிக் கொடுக்கத் தலைவருக்கு எங்கிருந்து உரிமை வந்தது? இதைத்தான் அந்த ரசிகர்கள் சவரக் கடையில் கேட்கிறார்கள். இதைத்தான் வேலையற்ற பேச்சு என்கிறீர்கள்.

இது ஒரு வீட்டுச் சங்கதியோடு நின்றுவிடவில்லை. பசிபிக் கரையில் 1915-ல் வேர்விட்ட பழைய கூட்டிலிருந்து 2024-ல் பத்துச் சர்வகலாசாலைகள் ஒரே மூச்சில் வெளியேறின. ஸ்டான்போர்டும் பெர்க்லியும் பசிபிக் சமுத்திரக் கரையில் உட்கார்ந்துகொண்டு 'அட்லாண்டிக் கரை' என்ற கான்பரன்ஸில் ஆடுகின்றன. 'பெரிய பத்து' என்பதில் 18 பேர். 'பெரிய பன்னிரண்டு' என்பதில் 16 பேர். எண்ணத் தெரியாதவர்கள் அல்ல இவர்கள். பெரிய பத்து 2022-ல் ஏழு வருஷத்துக்குச் செய்துகொண்ட டெலிவிஷன் ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. லாஸ் ஏஞ்சலிஸ் பையன்கள் சுமார் 2,400 மைல் பறந்து வந்து நியூஜெர்ஸியின் ரட்கர்ஸ் கல்லூரியோடு 'அண்டை வீட்டுப் பகை' பாராட்ட வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், ஐயா, அவர்கள்!

ரசிகர்களின் கணக்கையும் கேளுங்கள்; அதில் தப்பில்லை. பத்துப் பேர் இருந்த கூட்டில் ஒவ்வொருவருக்கும் 18 ஆட்டம். ஒன்பது எதிரி, ஆளுக்கு இரண்டு தரம். அதில் முதலாவது வந்தவனைச் சாம்பியன் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. இப்போது 2024-25 சீசனைப் பாருங்கள். பெரிய பத்தில் 17 எதிரிகள், 20 ஆட்டங்கள். மூன்றே மூன்று பேரோடு இரண்டு தரம். மற்றப் பதினான்கு பேரோடு ஒரே தரம், அதிலும் பாதிப் பேர் உன் வாசலை மிதிப்பதே இல்லை. யாருக்குச் சுலபமான மூன்று பேர் வாய்த்தார்கள், யாருக்குக் கடினமான மூன்று பேர் வாய்த்தார்கள், யார் எங்கே போய் ஆடவில்லை, இந்த விவகாரத்தை விட்டுவிட்டு எந்தச் சாம்பியனை நம்புவது? ரசிகர்கள் இதைப் பென்ஸிலும் காகிதமுமாக உட்கார்ந்து அலசுகிறார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா தஸ்தாவேஜைப் புரட்டுகிற சிரத்தையோடு செய்கிறார்கள். எனக்கு அவர்களிடம் மரியாதை வருகிறது.

ஆட்டக்காரர்கள் மேல் பழி போடுகிற ஒரு கோஷ்டி வேறு கிளம்பியிருக்கிறது. இந்தக் காலத்துப் பையன்களுக்கு விசுவாசமில்லை, வருஷத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள், காசு காசு என்று அலைகிறார்கள் என்று அங்கலாய்க்கிறார்கள். 2021 ஜூலைக்கு முன்னால் அந்தப் பையன் தன் சொந்தப் பெயரைக்கூட ஒரு விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு வாங்க முடியாது. அவன் ஆடுகிற மார்ச் மாதப் போட்டியை 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலருக்கு 2010-ல் விற்றார்கள். பயிற்சியாளர் லட்சக் கணக்கில் சம்பளம் வாங்கினார். அவனுக்கு மட்டும் விசுவாசம் போதும் என்றார்கள். கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்கிற சமரசத்தை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 2025 ஜூன் ஆயிற்று. நூறு வருஷத்துக் கூட்டை ஒரு காலைப் பொழுதில் உதறிவிட்டுப் போகத் துரைமார்களுக்கு உரிமை உண்டு. பத்தொன்பது வயதுப் பையன் கல்லூரி மாறினால் அது துரோகம். இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

போன பிறகு திரும்ப முடியாது, காலம் மாறிவிட்டது என்று கையை விரிக்கிறவர்களும் உண்டு. அதுவும் பொய். 1979-ல் டேவ் கேவிட் என்பவர் கூடைப்பந்துக்கென்றே கட்டின 'பெரிய கிழக்கு' என்ற கூட்டில் கனெக்டிகட் ஸ்தாபக உறுப்பினர். 2013-ல் அந்தக் கூட்டு இரண்டாகப் பிளந்தபோது அது வேறு பக்கம் ஒதுங்க நேர்ந்தது. 2020-ல் திரும்பி வந்தது, புட்பாலை வெளியே நிறுத்திவிட்டு. வந்தவனுக்கு வீடு இருந்தது; பழைய எதிரிகள் பழையபடி திட்டினார்கள். 2023-லும் 2024-லும் தேசியப் பட்டத்தை வென்றது அந்தக் கனெக்டிகட்தான்.

கான்சாஸும் மிசௌரியும்கூட அடியோடு மறந்துவிடவில்லை. 2017 அக்டோபரில் புயல் நிவாரண நிதிக்காக ஓர் ஆட்டம் ஆடினார்கள். எந்தக் கணக்கிலும் சேராத வெறும் காட்சி ஆட்டம். அதற்கே கான்சாஸ் நகரத்துக் கொட்டகை நிரம்பி வழிந்தது. நிர்வாகிகளுக்கு அப்போதுதான் பொறி தட்டியிருக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு மறுபடி நிஜமாக மோதினார்கள். கான்சாஸ் 102, மிசௌரி 65. அடுத்த இரண்டு வருஷமும் கான்சாஸே ஜெயித்தது. 2023-24 சீசனில் மிசௌரி தன் புதிய கூட்டில் 18 ஆட்டம் ஆடி 18-லும் தோற்றது. பணக்காரச் சம்பந்தி வீட்டில் அந்த வருஷம் கிடைத்த உபசாரம் அவ்வளவு.

2024 டிசம்பர் 8-ம் தேதி கான்சாஸ் கொலம்பியாவுக்கு வந்தது, தேசத்தில் முதல் ஸ்தானம் என்ற பட்டத்தோடு. மிசௌரி 76, கான்சாஸ் 67. மாணவர்கள் ஆடுகளத்துக்குள் வெள்ளமாக இறங்கிவிட்டார்கள். அவர்களில் பலர், 2012-ல் பங்காளிகள் பிரிந்தபோது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த வெற்றி எந்தக் கான்பரன்ஸின் வெற்றிப் பட்டியலிலும் ஏறவில்லை. பழைய நாளாக இருந்தால் சில வாரங்களுக்குள் லாரன்ஸில் பதில் ஆட்டம் இருந்திருக்கும். அன்று இரவு கான்சாஸ் ரசிகன் கையில் அந்தச் சீசனுக்கு வேறு தேதி இல்லை.