உவர் நிலம்தானே என்று விட்டுவிடாதீர்கள்!



காட்டுப்பள்ளி துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டது அதானி நிறுவனம். இதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது! மிச்சத்தில் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய சதுப்பும் வருகிறது. கடலோர ஒழுங்காற்று விதிகள் காக்கச் சொல்லும் பூமி அது.

"அது மீனவங்க பிரச்சினை, நமக்கென்ன?" என்கிறார்கள் மீஞ்சூர் பக்கம் சிலர். நம்ம போர்வெல்லைக் கேளுங்கய்யா! சென்னைக்குத் தண்ணீர் உறிஞ்சி உறிஞ்சி, 1960களிலேயே நம் நிலத்தடியில் கடல்நீர் ஏறத் தொடங்கிவிட்டது. 2010-ல் இதே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள், பட்டணத்துக்கு. உப்பான நம்ம கிணறு அப்படியே கிடக்குது.

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருப்பது ஒரு மணல் வரப்புதான். துறைமுகச் சுவர் மணலை மறித்தால் வடக்கே கரை அரிக்கும். வரப்பு உடைஞ்சா என்ன ஆகும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டாம். மழைக்காலத்தில் கொசஸ்தலை வெள்ளம் பரந்து வடிவதும் அந்தச் சதுப்பில்தான். அதை மேடாக்கினால் தண்ணீர் நம் வயலில் தேங்கும்.

மக்கள் கருத்துக் கேட்புக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறித்து, எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைத்தார்கள். மறுபடி தேதி குறித்தால், கிணற்றுத் தண்ணியை பாட்டிலில் எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்காருவோம்!