"ஃபார்மட் பண்ணிடலாங்க சார்"

போன வாரம் ஒருநாள் காலை எங்கள் வீட்டுக் கணினியில் பிரவுசர் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. ஜிமெயில் திறக்கவில்லை. வங்கிக் கணக்கும் திறக்கவில்லை. என் வலைப்பூவே எனக்குக் கதவைச் சாத்திவிட்டது. எதைத் தட்டினாலும் சிவப்பில் ஓர் எச்சரிக்கை. முந்தின நாள் பகல் முழுக்க மின்சாரம் இல்லை. (அணையில் மின்சாரம், அனல் மின் நிலையத்தில் மின்சாரம் என்று ஊருக்கே அனுப்பும் மேட்டூரில்தான் ஐயா. பராமரிப்பு நாள் என்று வந்துவிட்டால் எல்லா ஊரும் ஒன்றுதான்.)

மகன் வேலைக்குப் போய்விட்டான். கடைவீதியிலிருந்து ஒரு தம்பியை வரவழைத்தேன். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "என்னங்க சார் இது, தமிழும் இல்ல இங்கிலீஷும் இல்ல. வைரஸ்தாங்க. ஃபார்மட் பண்ணிடலாங்க."

அது வைரஸ் இல்லை, பிரெஞ்சு. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிறகு புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்து மூன்று வருஷம் இங்கிலீஷில் கோப்பு எழுதியாகிவிட்டது. படித்த மொழி துருப்பிடிக்கக் கூடாதே என்று பிரவுசரை மட்டும் பிரெஞ்சில் வைத்திருக்கிறேன். தம்பிக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஃபார்மட்டுக்கு நான் சம்மதிக்காததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு.

அடுத்த தெருவில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அனல் மின் நிலையத்தில் ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கணினியிலும் இதே கோளாறு. வேறு ஒருவர் வந்து பார்த்தார், ஃபார்மட் செய்தார், எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறைந்த மனைவியின் படங்கள் அதில்தான் இருந்தன. எங்காவது எடுத்து வைக்கட்டுமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்று இவருக்கும் தெரியவில்லை. படங்கள் போயின. கொடுமை என்னவென்றால், நாலாம் நாள் அதே சிவப்புத் திரை திரும்ப வந்தது. மிஷினே போச்சு என்று துணியைப் போட்டு மூடிவிட்டார்.

தம்பி போன பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த எச்சரிக்கையைப் படித்தேன். அதுவரை சிவப்பைத்தான் பார்த்திருக்கிறேன், வரிகளைப் பார்க்கவே இல்லை. 'ஓர்லோஜ்' என்று ஒரு சொல் இருந்தது. கடிகாரம்! உங்கள் கடிகாரம் பின்தங்கி இருக்கிறது என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறது. திரையின் வலது மூலையைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1. எனக்குப் பதினாறு வயது குறைந்திருந்தது.

வெட்கமாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சூப்பரின்டென்டென்ட் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் தேதியைப் பார் என்பதுதான்.

விஷயம் இதுதான். கணினியின் மதர்போர்டில் எட்டணாக் காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், 3 வோல்ட். பிளக்கில் மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். எங்கள் வீட்டம்மா சிக்கனத்துக்காக ராத்திரியில் சுவிட்சை அணைத்துவிடுவார். அந்தக் காசு பேட்டரி பல வருஷம் உழைத்து ஓய்ந்துவிட்டது. சில நாட்களாகவே கணினி தொடங்கும்போது எஃப் 1-ஐ அழுத்து என்று கேட்டுக்கொண்டிருந்தது. நாங்களும் அழுத்திக்கொண்டிருந்தோம், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தேதி தப்பானால் பிரவுசருக்கு என்ன வந்தது என்கிறீர்களா? பூட்டுப் படம் போட்ட தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2025இல் வழங்கிய சான்றிதழை 2009இல் உட்கார்ந்து பார்த்தால், இன்னும் வழங்கப்படாத சான்றிதழ் அது. எந்த எழுத்தர் அதை ஏற்பார்? பிரவுசர் செய்தது சரியான வேலை.

பென்ஷன்காரர்களுக்கு இது புதிதில்லை. என் தகப்பனார் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷனுக்காக 'செர்த்திஃபிக்கா த வீ', அதாவது உயிரோடு இருக்கிறேன் என்ற சான்று, வாங்க வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு கிளம்புவார். நமக்கு 2014 நவம்பரிலிருந்து ஜீவன் பிரமாண் வந்தது, விரல் ரேகை வைக்கிறோம். நமக்கு வருஷத்துக்கு ஒரு முறை என்றால் வலைத்தளங்கள் பாடு இன்னும் மோசம். 2029 மார்ச் 15 முதல் அவற்றின் சான்றிதழ் 47 நாளைக்கு மேல் செல்லாது என்று முடிவாகியிருக்கிறது.

எப்போதும் குற்றம் நம் கடிகாரத்தில்தான் என்று சொல்ல மாட்டேன். 2019 மே 4ஆம் தேதி ஃபயர்ஃபாக்ஸ் தன்னுடைய சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிக்க மறந்து, உலகம் முழுக்க அதன் துணைச் செயலிகள் படுத்துவிட்டன. 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியாகி, பழைய கணினிகள் பல தேதி சரியாக இருந்தும் முழித்தன. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதெல்லாம் வேறு வைத்தியம்.

என் கருத்து, கணினி பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் ஃபார்மட் என்பது அவருடைய கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும். தலைவலி என்று வந்தவனுக்கு மொட்டை போட்டுவிடுவது வைத்தியமா? "பரவாயில்ல, உள்ள போ" என்று எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்லும் யோசனையும் எனக்கு ஒப்பாது. தேதி சரியாக இருந்து அந்த எச்சரிக்கை வந்தால், அது நிஜமான திருடனாகவும் இருக்கலாம். வங்கிக் கணக்கில் போய் விளையாட முடியுமா? தொழில் செய்யும் தம்பிகளைக் குறை சொல்லி என்ன பயன், நாமே படிக்காமல்தானே அவர்களைக் கூப்பிடுகிறோம்.

சாயங்காலம் மகன் பேட்டரி வாங்கி வந்தான். இரண்டாக வாங்கி வரச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போய்த் துணியை எடுத்து, மகன் கையால் பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தினோம். ஜிமெயில் திறந்தது. டைரியில் கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்தார், நல்ல வேளை. அனுப்பிய கடிதங்களில் தேடினால், எப்போதோ மகளுக்கு அனுப்பிய படங்கள் பதினொன்று இருந்தன. ஒன்றில் அந்த அம்மாள் அணைப் பூங்காவில் மீன் வறுவல் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். நண்பர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.