பாட்டியின் முகம் ஏன் கறுத்தது?

பத்துமலைக்குப் போய் வந்த களைப்போடு கைப்பேசியில் எடுத்த படங்களைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். 42.7 மீட்டர் முருகன் சிலை தங்கமாய் மின்னுகிறது. வானம் பளிச்சென்று இருக்கிறது. முன்னால் நிற்கும் பாட்டியின் முகம் மட்டும் அடுப்புக்கரி! "என் நிறமே அதுதானே" என்று பாட்டி சிரித்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றம் நிறத்தில் இல்லை. கேமராவின் கணக்கில் இருக்கிறது.

எதிரே தெரியும் வெளிச்சத்தைச் சராசரி பார்த்து, படத்தை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவருவதே கேமராவின் பழக்கம். வானமும் வெள்ளை வேட்டியும் படத்தை நிறைத்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். இன்றைய கைப்பேசிகள் முகத்தைத் தேடிப் பிடிக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் பின்னாலிருந்து வெளிச்சம் கொட்டினால் தடுமாறிவிடுகின்றன.

அப்போது திரையில் பாட்டியின் முகத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மெல்ல மேலே தள்ளினால் முகம் தெளியும். வானம் வெளுத்துப் போகும்; போகட்டுமே! வானத்தை நாளைக்கும் எடுக்கலாம். நாளை வீட்டுச் சுவரில் மாட்டப்போவது பாட்டியின் படத்தை அல்லவா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிலிம் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் வெளிச்சத்தைச் சற்றுக் கூடுதலாகவே விடுவார்கள். நெகட்டிவ் அதைத் தாங்கும். டிஜிட்டலில் நிலைமை நேர்மாறு. அளவு மீறி வெளுத்த இடத்தில் எதுவுமே பதிந்திருக்காது. பிறகு எந்த வித்தையாலும் மீட்க முடியாது. இருண்ட இடத்தையோ, புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும், ஓரளவு தூக்கிவிடலாம். ஆகவே கல்யாணப் பெண்ணின் நெற்றி பளபளவென்று வெளுத்தால் உடனே குறியைக் கீழே இறக்குங்கள்.

தோட்டத்துக் கோயில் தீமிதியில் கதை வேறு. சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா வலிந்து வெளிச்சத்தைக் கூட்டும். சிவந்த தணல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். தணலைத் தட்டி, வெளிச்சத்தைக் குறையுங்கள். பிளாஷ் வேண்டாம். அது சில மீட்டருக்கு மேல் எட்டாது. முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் காட்டும். கம்பத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் கை ஆடாது. ஓடுகிறவர் கொஞ்சம் கலங்கித்தான் விழுவார்; தீமிதிப் படத்துக்கு அதுவும் ஓர் அழகே.

முகத்தை வெள்ளையாக்கும் 'அழகு' வசதி சில கைப்பேசிகளில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதை முதலில் அணைத்து வையுங்கள். ஐம்பது வருட வெயிலில் பால் வெட்டிய முகத்துக்குப் பவுடர் பூச அதற்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

இவ்வளவும் தொல்லை என்றால் சுலபமான வழி ஒன்று உண்டு. காலை ஒன்பது மணிக்குப் பாட்டியை வாசல் நிழலில், வெளியே பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நீங்கள் முற்றத்தில் நின்று எடுங்கள். வீட்டின் இருட்டு பின்னால் இருக்கும். வெளி வெளிச்சம் முகத்தில் மென்மையாய் விழும். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும்.